மொழிக்கு உடைமையாளர் உண்டா?

அக்கரப்பத்தனையில் மழைக்காலத்து மாலைகளில் மூடுபனி பாடசாலையின் சாளரங்கள் வழியே உள்ளேயே வந்துவிடும். தமிழ் கற்பிக்க நியமனம் பெற்ற நாம் கணினி அறையின் பொறுப்பையும் ஏற்றிருப்பது, அதற்கு வேறு ஆள் இல்லாத காரணத்தினாலேயே. அத்தகைய ஒரு மாலையில், பழைய கணினியொன்றில் புதிய நிரலொன்றை ஏற்றிக்கொண்டிருந்த பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, திரையில் விரிந்த நீண்ட ஆங்கில உடன்படிக்கையைக் காட்டி, "சேர், சம்மதம்னு அமத்தச் சொல்லுது. என்னத்துக்குச் சம்மதம்?" என்று கேட்டாள். நாம் வாசித்துப் பார்த்தோம். பாதிக்குமேல் விளங்கவில்லை. "அமத்து" என்றோம். அமத்திவிட்டு அவள் சிரித்தாள்: "எங்க அம்மாயியும் ஆபிசுல இப்படித்தான் கைநாட்டு வச்சிச்சாம்."

அந்தச் சிரிப்பு எம்மை விடவில்லை. மலையகத்து மக்களின் வரலாற்றில் வாசிக்க இயலாத ஏட்டுக்குப் பெரியதோர் இடம் உண்டு. செக்றோலில் பெயர் விழுந்ததா, அரைப்பேரா முழுப்பேரா என்பதை எழுதிய கை ஒன்று. அதனால் பசித்த வயிறு வேறொன்று. தொழிலாளியின் கடன் எவ்வளவு, அதை யார் தீர்த்தால் அவனை விடுவிக்கலாம் என்று எழுதிய 'துண்டு' முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. ஆனால் தன்னைப் பற்றி எழுதப்பட்டதைத் தானே வாசிக்க முடியாத நிலை அத்துடன் ஒழியவில்லை. இன்று கணக்கைப் பொறி எழுதுகின்றது. அப்பொறிக்கு இடப்படும் கட்டளைகளும் ஒரு மொழியிலேதான் இருக்கின்றன. அம்மொழி யாருடையது? அதைக் கற்கவும் திருத்தவும் பிறர்க்குக் கொடுக்கவும் ஒருவர் அனுமதி தர வேண்டுமா? தமிழ் படித்த எமக்கு இக்கேள்வி முதலில் வேடிக்கையாகத் தோன்றிற்று. தொல்காப்பியத்துக்கு வாடகை செலுத்தி எவரும் தமிழ் பேசுவதில்லை அல்லவா?

கணினி வரலாற்றில் இக்கேள்வி வெறும் ஏட்டுக் கேள்வியாக இராது, மனிதர்கள் ஒருவரோடொருவர் முரண்பட்ட வழக்காகவே எழுந்த காலம் ஒன்றுண்டு. 1975இல் அல்ட்டெயர் 8800 என்ற சிறு கணினி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. உதிரிப் பாகங்களாக வாங்கித் தாமே பொருத்திக்கொள்பவர்க்கு அதன் விலை 397 டொலர். அதுவரை பெரும்பாலும் பெரும் நிறுவனங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் உரியதாயிருந்த கணினி வீட்டு மேசைக்கு வந்தது. அவ்வாண்டு மார்ச் 5ஆம் நாள், கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில், கார் நிறுத்தும் கொட்டகை ஒன்றில் ஆர்வலர் சிலர் கூடி ஹோம்புரூ கணினிக் கழகத்தைத் தொடங்கினர். கையில் பொறி இருந்தது. அதனோடு பேச மொழி இல்லை. பில் கேட்ஸும் அவருடைய தோழர்களும் அப்பொறிக்கென எழுதிய பேசிக் மொழி துளைநாடாவில் விற்கப்பட்டது. அந்நாடா ஒன்று கண்காட்சியொன்றிலிருந்து மறைந்தது. சில நாட்களில் கழகத்தின் கூட்டத்தில் அதன் படிகள் கைமாறின. ஒன்றை எடுத்துச் செல்பவர் அடுத்த முறை இரண்டு படிகளோடு வர வேண்டும் என்பதே விதியாம்!

1976 பெப்ரவரி 3ஆம் திகதியிட்டு, அப்பொழுது இருபது வயதே ஆகியிருந்த கேட்ஸ் ஆர்வலர்களுக்குப் பகிரங்கக் கடிதம் ஒன்று எழுதினார். அம்மொழியை உருவாக்கப் பயன்படுத்திய கணினி நேரத்தின் மதிப்பு மட்டும் 40,000 டொலருக்கு மேல் என்றும், அல்ட்டெயர் வைத்திருப்போரில் பத்தில் ஒருவர்கூட அதை விலை கொடுத்து வாங்கவில்லை என்றும், கிடைத்ததைக் கணக்கிட்டால் தமது உழைப்புக்கு மணிக்கு இரண்டு டொலர்கூடத் தேறவில்லை என்றும் அதில் முறையிட்டார்.

இக்கடிதத்தைப் பிற்காலத்துப் பெருஞ்செல்வரின் பேராசை என்று தள்ளிவிடுவது நம்மவர்க்கு எளிது. ஆயின் அதில் இருப்பது கூலிக் கோரிக்கை. உழைத்தவனுக்கு ஊதியம் வேண்டும் என்று மேடைதோறும் முழங்கும் நாம், அதையே வேறொருவன் கேட்கும்போது காதைப் பொத்திக்கொள்ளலாகாது. கூலி வேறு, வாடகை வேறு என்பதை நாம் அறிவோம். செலவிட்ட நேரத்துக்குப் பெறுவது கூலி. அந்நேரத்தின் விலை பலமடங்காகத் திரும்பிய பின்னும், படியெடுக்கச் சல்லிக் காசு செலவில்லாத ஒன்றுக்கு ஆண்டுதோறும் பெறுவது வாடகை. பின்னாளில் அந்நிறுவனம் ஈட்டியது எதுவாயினும், 1976இல் அவ்விளைஞர் கேட்டது கூலிதான். எனவே நாடாவைப் படியெடுத்தோரை உடைமை எதிர்ப்பு வீரர்களாகப் போற்ற எம்மால் இயலவில்லை. தான் உருவாக்கியதைக் கொடுப்பது பகிர்வு. பிறன் உருவாக்கியதை அவன் கேளாமலே 'பகிர்ந்து' மகிழ்வது மலிவான தாராளம். (எமது அறையிலுள்ள கணினிகளில் எத்தனையில் கள்ளப்பிரதி ஓடுகிறது என்பதைத் துருவாதிருக்குமாறு வாசகரை வேண்டிக்கொள்கிறோம்.)

நேர்மையான விடை வேறிடத்திலிருந்து வந்தது. டென்னிஸ் அலிசன் என்பார் 'மக்கள் கணினிக் கம்பனி' என்ற பெயரில் வெளிவந்த இதழில், மிகச் சிறிய பேசிக் மொழியொன்றை நாமே எப்படிக் கட்டலாம் என்று வரைந்து காட்டினார். வாசகர்கள் கட்டினார்கள்; கட்டியதைப் பொதுவில் அச்சிட்டார்கள். டொம் பிற்மன் தமது சிறு பேசிக்கை ஐந்து டொலருக்குக் கொடுத்தார். மக்கள் அதனை மனமுவந்து வாங்கினர். லீ-சென் வாங் தமது நிரலின் தலைப்பில் பதிப்புரிமைக் குறிப்பையே புரட்டிப்போட்டார். 'உரிமை'யைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் வலப்பக்கத்தையும் குறிக்கும் ஆதலின், அவர் அவ்விடத்தில் இடப்பக்கத்தை வைத்தார். இவ்விதழின் வாசகர்கள் புன்னகைக்கலாம்.

எனினும் எம் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது பேசிக் அன்று. ஃபோர்த் என்ற வினோத மொழியே. சார்ள்ஸ் மூர் என்பவர் அறுபதுகளில் தமது சொந்தத் தேவைக்காகச் சிறுகச் சிறுக உருவாக்கி, பின்னர் வானொலி வானியல் நிலையத்துத் தொலைநோக்கிகளை இயக்கப் பயன்படுத்திய மொழி அது. 'நான்காம்' தலைமுறை என்று பெயரிட விரும்பினார். அவருடைய கணினி பெயருக்கு ஐந்து எழுத்துக்கு மேல் இடந்தராமையால் ஆங்கிலச் சொல்லில் ஓரெழுத்துக் குறைந்தது. பிற மொழிகள் 'கூட்டு இரண்டையும் மூன்றையும்' என்றோ 'இரண்டு கூட்டல் மூன்று' என்றோ சொல்ல, ஃபோர்த் 'இரண்டு மூன்று கூட்டு' என்கிறது. வினை இறுதியில் வருகிறது! ஆங்கிலேயர்க்குத் தலைகீழாகத் தோன்றும் இவ்வமைப்பு தமிழனுக்குத் தாய்வீட்டு வாசல். எண்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. லயத்தில் சுட்டு அடுக்கிய ரொட்டியில் மேலுள்ளதே முதலில் கைக்கு வருவது போல, இறுதியாக வைத்த எண்ணே முதலில் எடுபடுகிறது.

அதனினும் முக்கியமானது, ஃபோர்த் ஓர் அகராதி என்பது. அதில் நிரல் எழுதுதல் என்றால் புதுச் சொல் ஆக்குதல். ஏற்கெனவே உள்ள சொற்களைக் கோத்து ஒரு பெயர் சூட்டினால், அக்கணமே அது மொழியின் சொல்லாகிறது. மூர் ஆக்கிய சொல்லுக்கும் நீங்கள் ஆக்கிய சொல்லுக்கும் அகராதியில் சாதி வேறுபாடு இல்லை. இத்தகைய மொழியில் எது வரை ஆக்கியோனுடையது, எங்கிருந்து பயன்படுத்துவோனுடையது என்று எல்லைக் கல் நாட்டுவது கடினம்.

மூரும் தோழர்களும் 1973இல் நிறுவனம் ஒன்று அமைத்து, இம்மொழியைக் கொண்டு வாழ்க்கை நடத்தினர். அதில் குற்றமில்லை. ஆனால் வீட்டுக் கணினி ஆர்வலருக்கு அந்த விலை எட்டவில்லை. 1978இல் கலிபோர்னியாவில் ஃபோர்த் ஆர்வக் குழு தோன்றியது. அவர்கள் எவருடைய நாடாவையும் எடுக்கவில்லை. வெவ்வேறு நுண்செயலிகளுக்கு ஏற்ப ஒரே மாதிரியான ஃபோர்த்தைத் தாமே எழுதி, மூலநிரல் முழுவதையும் காகிதத்தில் அச்சிட்டு, எவரும் பயன்படுத்தலாம் என்று பொதுவுடைமையாக்கினர். குழுவின் பெயரைக் குறிப்பிடும்படி மட்டும் கேட்டனர். வாங்கியவர் வரிவரியாகத் தட்டெழுதினார். தட்டெழுதியவருக்குத் தன் பொறியின் குடலும் நரம்பும் தெரிந்தன. கள்ளநாடா முடிந்த பண்டத்தைத் தந்தது. அச்சிட்ட ஏடோ ஆக்கும் முறையைத் தந்தது. இரண்டையும் 'பிரதி' என்ற ஒரே சொல்லால் அழைப்பது எவ்வளவு பெரிய மயக்கம்! 1982இல் பிரித்தானியாவில் பேசிக்குப் பதிலாக ஃபோர்த் பேசும் 'யூப்பிட்டர் ஏஸ்' என்ற வீட்டுக் கணினியே விற்பனைக்கு வந்தது. அக்கம்பனி மறு ஆண்டே மூடப்பட்டது. கம்பனி மடிந்தாலும் மொழி மடியவில்லை. 2014இல் வால்வெள்ளியொன்றில் இறங்கிய பிலே என்ற விண்கலத்தின் செயலி, ஃபோர்த்துக்கென்றே வடிவமைக்கப்பட்டதாகும்.

இங்குப் பொற்காலக் கதை பாடுவது எம் நோக்கமன்று. எல்லோரும் சொல் ஆக்கலாம் என்ற இடத்தில் எல்லோரும் தத்தம் மொழியையே பேசத் தொடங்கினர். ஒன்றுபடுத்த 1979இல் ஒரு நியமம்; 1983இல் இன்னொன்று. முன்னதில் 'மெய்' என்பதற்குரிய எண் 1. பின்னதில் அதுவே -1. உண்மையின் மதிப்பைக்கூட ஒருங்கே ஒப்புக்கொள்ள இயலாத பொதுவுடைமையாளர் என்று எவரேனும் நகைத்தால், நாம் என்ன மறுமொழி கூறுவோம்? ஒருங்குறி வருமுன் தமிழ் எழுத்துருக்கள் பட்ட பாட்டை நினைத்துப் பார்ப்போர்க்கு இந்நகைப்பு கசக்கும். ஒரு நாளிதழை வாசிக்க ஓர் எழுத்துரு, மற்றதற்கு மற்றொன்று. ஒருவர் எழுதிய கடிதம் மற்றவர் திரையில் புழுக்களாய் நெளிந்தது. கொடுத்தால் மட்டும் போதாது, கொடுப்போர் தமக்குள் இணங்கவும் வேண்டும். இணக்கம் காண்பது கொடுப்பதினும் சலிப்பூட்டும் உழைப்பு. அதற்குப் பாராட்டும் குறைவு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அக்கொட்டகையில் கூடியோர் பெரும்பாலும் பொறியியலாளர். பகலில் சம்பளம், மாலையில் ஓய்வு, வீட்டோடு கொட்டகை. இலவசமாகக் கொடுக்கும் பெருமனம் அவர்களிடம் இருந்தது மெய். அதற்குரிய மாலைப்பொழுதும் அவர்களிடம் இருந்தது. பல ஆண்டுப் போராட்டத்தின் பின் 2021இல்தான் எமது தோட்டங்களில் நாட்சம்பளம் 1,000 ரூபாவை எட்டியது. கொழுந்துக் கூடை இறக்கி, விறகு சுமந்து, குழாயடியில் காத்து நின்று வீடு திரும்பும் தாய்க்கு மாலை என்று ஒன்று ஏது? பொதுவுடைமையான மொழி ஒன்று உலகில் உள்ளது என்பதும், அவள் மகளின் கை அதை எட்டுகிறது என்பதும் ஒன்றல்ல. அருகிலே தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் தேர்ந்த செடிகளிலிருந்து, ஓர் இலையும் சிறு தண்டுமாக வெட்டி ஆயிரக்கணக்கில் கன்று ஆக்கும் முறை உண்டு. வெட்டிக் கொடுப்பதால் தாய்ச்செடி அருகிவிடுவதில்லை. அறிவும் அவ்வாறே என்பர். சரி. ஆனால் அக்கன்றுகளைத் தவறணையில் வளர்த்து மலையில் நட்ட கைகளுக்கு அம்மலையில் ஒரு சாண் நிலம் உரிமையாயிற்றா? படியெடுக்கும் எளிமையைப் பற்றிப் பேசுவோர் நடுவதற்கு வேண்டிய நிலத்தைப் பற்றியும் பேச வேண்டும்.

இத்தனையும் எண்ணிய பின்னர், கணினி அறையில் நாம் செய்தது சிறியதே. முத்து அண்ணாமலை உருவாக்கி, மூலநிரலோடு பொதுவில் வைத்த 'எழில்' என்ற தமிழ் நிரல்மொழியை முதலில் காட்டினோம். 'பதிப்பி' என்றெழுத அச்சொல்லுக்குப் பொறி பணிந்ததைக் கண்டு பிள்ளைகள் கைகொட்டினர். பின்னர் ஃபோர்த்தின் இக்கால வடிவங்களுள் ஒன்றான ஜிஃபோர்த்தை ஏற்றினோம். அதற்கும் ஓர் ஆங்கில உடன்படிக்கை உண்டு. இம்முறை "அமத்து" என்னாது, இரு மாலைகள் உட்கார்ந்து அதன் சாரத்தைத் தமிழில் கரும்பலகையில் எழுதினோம்: இயக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம், கொடுக்கும்போது இதே உரிமைகளையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். "இதுக்குச் சம்மதம்" என்றாள் அம்மாணவி, கையுயர்த்தி.

அவள் ஆக்கிய முதற் சொல் 'கழிவு'. கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று அவளுடைய தாயின் நிறையிலிருந்து இரண்டு கிலோ கழிக்கிறார்களாம். எனவே

: கழிவு 2 - ;

என்று எழுதினாள். அதன்பின் '18 கழிவு' என்றால் 16 கிடைக்கும். மூன்று வேளையும் நிறுத்ததைக் கூட்ட ஒரு சொல், மாதக் கணக்குக்கு மற்றொரு சொல் என்று அகராதி வளர்ந்தது. சம்பளத் துண்டோடு ஒப்பிட்டுப் பார்த்தாளா என்று நாம் கேட்கவில்லை, அவளும் கூறவில்லை. விடுமுறையில் வேறொரு தோட்டத்திலுள்ள மாமன் மகனுக்கு அதைப் படியெடுத்துக் கொடுத்திருக்கிறாள். தவணை தொடங்கியபோது அவன் திருப்பி அனுப்பிய படியைத் திறந்து எமக்குக் காட்டினாள். எல்லாம் அப்படியே இருந்தன. ஓர் எண் மட்டும் மாறியிருந்தது. 2 இருந்த இடத்தில் 3.

"அவங்க தோட்டத்துல மூணு கிலோ கழிக்கிறாங்களாம், சேர்" என்றாள்.