ஒப்பிடுக!

'கண்ணகியையும் மாதவியையும் ஒப்பிடுக.' இந்தக் கேள்விக்கு நீங்கள் எப்படி எழுதினீர்கள்? நான் கண்ணகிக்கு ஒரு பக்கம், மாதவிக்கு ஒரு பக்கம் எழுதி, 'எனினும் கண்ணகியே சிறந்தவள்' என்று முடித்தேன். தமிழய்யா பாதி மார்க்தான் போட்டார். "ரெண்டு கட்டுரை எழுதியிருக்கே. ஒப்பீடு எங்கடா?" என்றார்.

ஒப்பிட, இருவருக்கும் பொதுவாக ஒரு கேள்வி வேண்டும். கோவலன் கொலையுண்ட செய்தி இருவருக்கும் வருகிறது. என்ன செய்தார்கள்? கண்ணகி சிலம்பை உடைத்துப் பாண்டியனிடம் நியாயம் கேட்டாள், மதுரை எரிந்தது. மாதவி பௌத்தத் துறவு பூண்டாள். மகள் மணிமேகலையையும் அந்த வழியில் விட்டாள். ஒரே பத்தியில் அருகருகே வைத்துப் பாருங்கள். அந்த நெருப்பைப் பார்த்த பிறகு இந்தத் துறவின் வலி இன்னும் நன்றாகத் தெரிகிறது. யார் உசத்தி என்று கேட்கவே தோன்றாது.

வீட்டில் என்ன செய்கிறோம்? "மாமா பையன் தொண்ணூறு வாங்கியிருக்கான், நீ நாற்பது!" நானும் என் மகனிடம் சொல்லியிருக்கிறேன். அது வெறும் தீர்ப்பு. 'கணக்கு அவனுக்கு எங்கே பிடிக்கிறது, இவனுக்கு எங்கே கசக்கிறது?' என்று ஒருநாளாவது கேட்டிருந்தால் என் பிள்ளையைக் கொஞ்சம் தெரிந்துகொண்டிருப்பேன்.

தமிழய்யா இருந்தால் எனக்கு இப்போதும் பாதி மார்க்தான் போடுவார். உங்களுக்கு?