மூஸா நபியின் தாயாரும் நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும்



தண்ணீர் அல்லாஹு தஆலா நமக்கு அருளியிருக்கும் மாபெரும் நிஃமத். ஒளுச் செய்வதும் அதைக் கொண்டே; மையித்தைக் குளிப்பாட்டுவதும் அதைக் கொண்டே. ஆனால், அதே தண்ணீர் கவனக் குறைவான வீட்டில் கடுமையான சோதனையாகவும் மாறிவிடுகிறது. கிணற்றிலும் குளத்திலும், ஏன், குளியலறை வாளியிலும் கூடப் பச்சிளம் பிள்ளைகள் மூழ்கி மவுத்தான செய்தியை நாம் அடிக்கடி கேட்கிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2021-ஆம் ஆண்டில் நீரில் மூழ்கி இறந்தவர்கள் ஏறத்தாழ 3 இலட்சம் பேர். அவர்களில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கினர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள்.

இப்படி ஒரு மவுத்து நேர்ந்த வீட்டில், "நஸீபு அவ்வளவுதான்; அல்லாஹ்வின் நாட்டம்" என்கிறோம். துயரப்படும் பெற்றோருக்கு ஆறுதலாகச் சொன்னால் அது ஈமானின் சொல். அதே சொல்லைச் சாக்காக வைத்துக்கொண்டு, கிணற்றை மறுநாளும் திறந்தே போட்டிருந்தால் அது ஈமானாகுமா? சிந்திக்க வேண்டும்.

திருக்குர்ஆனில் கஸஸ் சூராவை ஓதுகிறவர்கள் நபி மூஸா (அலை) அவர்களின் தாயாரை அறிவார்கள். பிர்அவ்னின் கொடுமைக்கு அஞ்சி, பால் குடிக்கும் பச்சைக் குழந்தையை ஆற்றில் விட்டார்கள். யாருடைய ஏவலால்? அல்லாஹ்வின் ஏவலால். "பயப்படாதே, கவலைப்படாதே, குழந்தையை உன்னிடமே திருப்பித் தருவோம்" என்ற கருத்தில் வாக்குறுதியும் கிடைத்திருந்தது. இதைவிட உறுதியான பாதுகாப்பு வேறெந்தத் தாய்க்குக் கிடைக்கும்? ஆனாலும் அந்த அம்மையார் வீட்டுக்குள் போய் உட்கார்ந்துவிடவில்லை. தம் மகளை அழைத்து, குழந்தையைப் பின்தொடர்ந்து போகச் சொன்னார்கள். அவரும் யாருக்கும் தெரியாமல் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே சென்றார். அந்தக் கண்காணிப்பின் வழியாகத்தான் குழந்தை மீண்டும் தாய்மடிக்கு வந்தது.

வாக்குறுதி பெற்ற தாயே தண்ணீரில் போகும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தார்கள். அப்படி எந்த வாக்குறுதியும் பெறாத நாம், பிள்ளையைத் தொட்டியருகே விட்டுவிட்டு அடுப்படியிலோ செல்போனிலோ மூழ்கியிருக்கலாமா?

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தச் சகோதரி விவரம் தெரிந்தவர். பிர்அவ்னின் ஆட்களிடமே சமயமறிந்து பேசி, செவிலித் தாயாகத் தம் தாயையே அமர்த்தச் செய்தவர். நாமோ ஐந்து வயதுப் பிள்ளையிடம் இரண்டு வயதுப் பிள்ளையை ஒப்படைத்து, "தம்பியைப் பார்த்துக்கொள்" என்று போய்விடுகிறோம். அது காவல் ஆகாது. ஆபத்தில் இரண்டு பிள்ளைகளை விடுவதாகும்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் அல்லாஹ்வின் மீது தவக்குல் வைக்க வேண்டும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்ததை நாம் அறிவோம். கொள்ளை நோய் பரவிய ஷாம் நாட்டுக்குள் நுழையாமல் ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் திரும்பியபோது, அல்லாஹ்வின் விதியைவிட்டு ஓடுவதா என்று கேட்கப்பட்டது. ஒரு விதியிலிருந்து அல்லாஹ்வின் இன்னொரு விதிக்கே செல்வதாக அவர்கள் விளக்கினார்கள். கிணறு தக்தீர் என்றால், அதன் மேல் போடும் இரும்பு வலையும் தக்தீர்தான்.

இரவு வந்ததும் பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளவும், பாத்திரங்களை மூடவும் ஹதீஸ் ஷரீபில் கட்டளை வந்திருக்கிறது. தடுப்பில்லாத மாடியில் உறங்குவதையும் நபியவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். பொதுவழியில் ஒருவன் உரிமையின்றிக் கிணறு தோண்டி, அதில் ஒருவர் விழுந்து இறந்தால் தோண்டியவனுக்குப் பொறுப்புண்டு என்று பிக்ஹு நூல்கள் கூறும். "நான் தள்ளிவிடவில்லையே" என்ற வாதம் அங்கே எடுபடாது.

தாய்மார்களே! சிறு குழந்தைக்கு உடலின் அளவை வைத்துப் பார்த்தால் தலை கனம். வாளிக்குள் எட்டிப் பார்க்கும்போது தலைகுப்புற விழுந்தால் தானாக எழ வலுவில்லை. மூக்கும் வாயும் முழுகும் அளவு தண்ணீரே போதும். வாய் தண்ணீரில் இருக்கும்போது கத்தவும் முடியாது. "விழுந்தால் சத்தம் கேட்குமே" என்று நம்பி இருக்காதீர்கள். ஒளுவுக்கு நிரப்பிய வாளியை வேலை முடிந்ததும் கவிழ்த்து வையுங்கள். குளியலறைக் கதவுக்குப் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் போடுங்கள். தரையடித் தொட்டியின் மூடி, பெரியவர்களால் மட்டுமே தூக்கக் கூடியதாக இருக்கட்டும். குளிப்பாட்டும்போது யாராவது கதவைத் தட்டினால், பிள்ளையைத் தூக்கிக்கொண்டே போங்கள்.

தந்தைமார்களே! இது பெண்கள் வேலை என்று ஒதுங்காதீர்கள். ஒவ்வொருவரும் மேய்ப்பாளரே, தம் மந்தையைப் பற்றி விசாரிக்கப்படுவார் என்ற ஹதீஸில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. கிணற்றுக்குச் சுவர் எழுப்புவதும் மூடி செய்து தருவதும் உங்கள் கடமை. நிக்காஹ் வீட்டிலும் பெருநாள் கூட்டத்திலும் எல்லோரும் பார்ப்பார்கள் என்று எல்லோரும் நினைப்பதால் ஒருவரும் பார்ப்பதில்லை. இந்த நேரத்துக்கு இன்னார் பொறுப்பு என்று பெயர் சொல்லி ஒப்படையுங்கள்.

முத்தவல்லிமார்களுக்கும் ஒரு வேண்டுகோள். மக்தபுக்கு வரும் பிள்ளைகள் ஹவுளைச் சுற்றித்தான் ஓடுகிறார்கள். தடுப்புக் கம்பியும், ஜமாஅத் முடிந்தபின் பூட்டும் கதவும் வேண்டும். பள்ளிவாசலுக்கு விளக்கு வாங்கிக் கொடுப்பது நன்மை என்றால், இதுவும் நன்மையே. ஓர் உயிரை வாழவைப்பது மனிதகுலம் முழுவதையும் வாழவைப்பதற்கு ஒப்பென்று திருமறை கூறவில்லையா? வளர்ந்த பிள்ளைகளுக்கு, தெரிந்தவர் மேற்பார்வையில் நீச்சலும் கற்றுக் கொடுங்கள். நீச்சல் கற்பதை வீண் விளையாட்டில் சேர்க்காத ஹதீஸ் உண்டு. ஆனால் நீச்சல் தெரிந்த பிள்ளைக்கும் காவல் தேவை.

தப்பித் தவறி விபத்து நேர்ந்துவிட்டால், குழந்தையைத் தலைகீழாகத் தூக்கிச் சுழற்றாதீர்கள்; வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்க முயலாதீர்கள். அதில் உயிர் காக்கும் நேரம் வீணாகும். மல்லாக்கக் கிடத்தி, வாயில் தெரியும் அடைப்பை எடுத்து, தலையைச் சற்றே பின்னால் சாய்த்து, மூச்சில்லையென்றால் ஐந்து முறை மெல்ல ஊதுங்கள். உணர்வு வராவிட்டால் நெஞ்சின் நடுவே 30 முறை விரைவாக அழுத்தி, 2 முறை ஊதி, உதவி வரும்வரை தொடருங்கள். மற்றொருவர் உடனே 108-ஐ அழைக்கட்டும். பிள்ளை கண் திறந்தாலும் மருத்துவமனைக்குக் கொண்டு போகத்தான் வேண்டும். இதை ஒரு டாக்டரை அழைத்து ஜமாஅத்தில் செய்து காட்டச் சொன்னால் எத்தனையோ வீடுகளுக்குப் பயன்படும்.

ஏற்கெனவே பிள்ளையை இழந்த பெற்றோர் இதைப் படிக்கக் கூடும். மூழ்கி இறந்தவருக்கு ஷஹீதின் அந்தஸ்து உண்டென்று நபியவர்கள் நன்மாராயம் கூறியிருக்கிறார்கள். உங்கள் ஸப்ருக்குக் கூலி அல்லாஹ்விடம் இருக்கிறது. அண்டை வீட்டாரே, அந்தத் தாயை ஏசாதீர்கள். அவருக்கு ஆறுதல் சொல்லிவிட்டு, வீடு திரும்பியதும் உங்கள் தொட்டி மூடியிருக்கிறதா என்று பாருங்கள்.

யா அல்லாஹ்! எங்களிடம் நீ ஒப்படைத்த அமானத்தைக் கண்ணும் கருத்துமாகக் காக்க எங்களுக்குத் தவ்பீக் செய்வாயாக! எங்கள் குழந்தைகளை நீரின் ஆபத்திலிருந்தும் நெருப்பின் ஆபத்திலிருந்தும் பாதுகாப்பாயாக! ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.