ஆடுகளமும் அறமும்

நடவாத நன்மையை நடந்ததாகக் காட்டும் கலை பொய்யாகுமா?

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் இளைஞர் ஆடும் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றில், கறுப்பின இளைஞர்க்குத் தனி நாள் ஒதுக்கப்பட்டிருந்தது. அனைவரையும் ஒருங்கே ஆடவிட இயலாமல் 1964இல் நிகழ்ச்சியையே நிறுத்தினர். அதனைத் தழுவி 1988இல் வந்த ‘ஹேர்ஸ்பிரே’ என்னும் நகைச்சுவைப் படமோ இருசாராரும் கூடி ஆடுவதாக முடிகிறது.

நம் நாட்டிலும் பி. ரம்லி, 1968இல் ‘கெரிமிஸ்’ என்னும் மலாய்ப் படத்தில் மலாய் இளைஞனையும் இந்தியப் பெண்ணையும் காதலால் இணைத்தார். மறு ஆண்டே மே 13 கலவரம் மூண்டது. அப்படியாயின் அப்படம் வீணா?

நெகிரி செம்பிலான் தோட்டத் திடல்களில் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டிய காலத்தில், லயத்து மக்களும் அண்டைக் கம்பத்தாரும் ஒரே புல்தரையில் அமர்ந்து சிரித்ததுண்டு. படம் முடிந்ததும் அவரவர் வழியே பிரிந்தனர்.

இத்தகைய படம் நம் கையில் தரப்பட்ட கடன்சீட்டு எனலாம். அதைக் கண்டு மகிழ்ந்ததாலேயே கடன் தீர்ந்தது என்று எண்ணுவோமாயின், பொய் நம்முடையதே. கலையின் பொய் அன்று. திரைமுன் சேர்ந்து சிரித்தோர், ஒருவர் வீட்டு நன்மை தீமைக்கு மற்றவர் செல்லும் நாளில்தான் அக்கடன் சிறிதேனும் அடையும்.