கூட்டம் ஊளையிட்டது, நான் ரசித்தேன்

ஆஸ்திரேலியக் கால்பந்தில் ஒரு வழக்கம் உண்டு. மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தில் இறுதிப்போட்டி நடக்கிற அன்று, அந்த வருடம் ஓய்வுபெற்ற ஆட்டக்காரர்களை வண்டிகளில் ஏற்றி மைதானத்தைச் சுற்றி அழைத்து வருவார்கள். எந்த அணியின் ரசிகனாக இருந்தாலும் எழுந்து நின்று கைதட்டுவான். இத்தனை வருடம் திட்டித் தீர்த்தவனைக்கூட அன்று ஒரு நாள் மன்னித்துவிடுவான், இனி அவனால் தன் அணிக்கு ஆபத்தில்லை என்பதால்.

2015 அக்டோபர் 3 அன்று நடந்த அந்த ஊர்வலத்தில் ஆடம் குட்ஸ் இல்லை. வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். 17 வருடம் சிட்னி ஸ்வான்ஸ் அணிக்காக 372 ஆட்டங்கள் ஆடியவர், 464 கோல்கள் அடித்தவர், இரண்டு முறை கோப்பை வென்றவர், அந்த ஒரு சுற்றுக்கு மட்டும் வரவில்லை.

எனக்கு இந்த ஆளைப் பற்றி எழுதவேண்டும் என்று தோன்றியதே இந்த வராமல்போனதால்தான்.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. முட்டை வடிவ மைதானம், முட்டை வடிவப் பந்து, ஒரு பக்கத்துக்கு 18 பேர், ஒவ்வொரு முனையிலும் நான்கு கம்பங்கள். நடு இரண்டு கம்பங்களுக்கிடையே உதைத்தால் ஆறு புள்ளி, ஓரத்தில் போனால் ஒரு புள்ளி. ஓடலாம், உதைக்கலாம், எதிராளியின் தோளில் முட்டி வைத்து ஏறி பந்தைப் பிடிக்கலாம். முதல்முறை பார்க்கும்போது விதியே இல்லாத ஆட்டம் மாதிரி இருக்கும். பத்து நிமிடம் பொறுத்தால் விட்டு எழுந்திருக்க முடியாது.

குட்ஸ் இதில் ஒரு விசித்திரம். நடுவர் பந்தைத் தூக்கிப்போடும்போது எம்பித் தட்டிவிடும் நெட்டையர்கள் ஒரு வகை. பந்தைத் துரத்தி நாள் முழுக்க ஓடும் ஆட்கள் இன்னொரு வகை. இவர் நெட்டையரின் உடம்பை வைத்துக்கொண்டு ஓட்டக்காரரின் வேலையைச் செய்தார். பிரவுன்லோ பதக்கம் என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் கள நடுவர்கள் மூன்று பேருக்கு 3, 2, 1 என்று வாக்குப் போடுவார்கள், பருவம் முடிந்ததும் எண்ணுவார்கள். அந்தப் பருவத்தில் முறைகேடான ஆட்டத்துக்காகத் தடை வாங்கியவருக்கு எத்தனை வாக்கு விழுந்தாலும் பதக்கம் கிடையாது. சிறந்தவராக மட்டும் இருந்தால் போதாது, நேர்மையாகவும் ஆடியிருக்கவேண்டும். குட்ஸ் அதை 2003இலும் 2006இலும் வாங்கினார். பின்னால் வரப்போகும் ஒரு சாக்குக்காக இதைச் சொல்லிவைக்கிறேன்.

ஸ்வான்ஸ் ரசிகர்கள் எந்த ஞாபகத்தை எடுப்பார்கள் என்றால் பெரும்பாலும் 2012 இறுதிப்போட்டியைத்தான். ஹாதார்னுக்கு எதிராக. இரண்டாம் கால்பகுதியிலேயே முழங்காலின் பின்தசைநார் போய்விட்டது. அதோடு மனிதர் வெளியே போகவில்லை. நொண்டியபடி ஆடி, கடைசிக் கால்பகுதியில் ஒரு கோல் அடித்தார். ஸ்வான்ஸ் பத்து புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தது. இதைப் பற்றிப் பேசும்போது ஐம்பது வயது ஆளின் குரலும் பத்து வயதுப் பையனின் குரலாகிவிடும். சாகசம் என்பதைவிட, தன் உடம்பையே ஒருவன் நமக்காகச் செலவழித்தான் என்ற நன்றியுணர்ச்சி அது. ரசிகனின் அன்பு எல்லாமே கடைசியில் இந்த மாதிரி ஒரு கடனுணர்ச்சிதானோ என்று சில சமயம் தோன்றும்.

சரி, கதையின் மறுபாதிக்கு வருவோம்.

2013 மே 24. பூர்வகுடி ஆட்டக்காரர்களைக் கௌரவிப்பதற்கென்றே ஒதுக்கப்பட்ட சுற்று. மெல்போர்னில் காலிங்வுட்டுக்கு எதிரான ஆட்டம். எல்லைக்கோட்டருகே ஓடிக்கொண்டிருந்த குட்ஸை முன்வரிசையிலிருந்து ஒரு குரல் குரங்கு என்றது. அவர் நின்றார், திரும்பினார், விரலை நீட்டிக் காட்டினார். பாதுகாவலர்கள் வெளியே அழைத்துப்போனது ஒரு 13 வயதுச் சிறுமியை. மறுநாள் செய்தியாளர்களிடம் அவர் சொன்னதன் சாரம்: அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்லாதீர்கள், அவளுக்கு ஆதரவாக இருங்கள், அந்தச் சொல் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். அவள் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டாள். இரண்டு பேருக்கும் இடையில் அது அங்கேயே முடிந்தது.

பெரியவர்களுக்குத்தான் முடியவில்லை. சில நாட்களில் காலிங்வுட் அணியின் தலைவர் எடி மெக்குவையர் வானொலியில் கிங் காங் நாடக விளம்பரத்தோடு குட்ஸை முடிச்சுப்போட்டு ஒரு பேச்சு பேசி, பிறகு மன்னிப்புக் கேட்டார். 2014இல் குட்ஸுக்கு அந்த ஆண்டின் சிறந்த ஆஸ்திரேலியர் விருது கிடைத்தது. அவர் இனவெறியைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். அதற்குப் பிறகு பந்து அவர் கைக்கு வரும்போதெல்லாம் எதிரணி கேலரியிலிருந்து ஊளை. 2015 மே மாதம் கார்ல்டன் ஆட்டத்தில் கோல் அடித்துவிட்டு, பூர்வகுடிச் சிறுவர் அணியான ஃப்ளையிங் பூமராங்ஸ் பையன்களிடமிருந்து கற்ற ஒரு போர் நடனத்தை ஆடி, ஈட்டி எறிவதுபோல் கையை வீசினார். கையில் ஈட்டி இல்லை. இருந்தாலும் குத்திவிட்டதுபோல ஒரு கூட்டம் அலறியது. ஊளை இன்னும் பெருகியது. ஜூலை 26 அன்று பெர்த்தில் சுபியாக்கோ மைதானத்தில் அது உச்சத்துக்குப் போனது. அதற்கடுத்த ஆட்டத்துக்கு அவர் வரவில்லை. ஒரு வாரம் ஒதுங்கியிருந்து திரும்பி வந்தார், செப்டம்பரில் ஓய்வு பெற்றார், சத்தமில்லாமல்.

ஏன் ஊளையிட்டீர்கள் என்று கேட்டால் ஆளாளுக்கு ஒரு பதில் இருந்தது. ஃப்ரீ கிக் கிடைப்பதற்காக நடிக்கிறார். எதிரணிக்காரர், வேறென்ன செய்வோம். ஒரு சின்னப் பெண்ணைப்போய்க் காட்டிக்கொடுத்தார். அரசியல் பேசுகிறார். நான் இனவெறியன் இல்லை, எனக்கு அந்த ஆளைப் பிடிக்காது, அவ்வளவுதான்.

இவற்றில் சில உண்மையாகவே இருக்கட்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் ஊளைக்கு அடிக்குறிப்பு கிடையாது. முப்பதாயிரம் பேர் முப்பதாயிரம் காரணங்களுக்காக ஊ என்று கத்தினால், நடுவில் நிற்பவனுக்குக் கேட்பது ஒரே ஒரு ஊ. நான் ஃப்ரீ கிக்குக்காகத்தான் ஊளையிட்டேன் என்பவனின் சத்தமும், குட்ஸின் தோலுக்காக ஊளையிட்டவனின் சத்தமும் காற்றில் கலந்தபிறகு பிரித்தெடுக்க முடியாது. உன் சத்தம் எதோடு போய்ச் சேர்கிறது என்று தெரிந்தபிறகும் அதைப் போட்டாய் என்றால், உள்ளே என்ன காரணம் வைத்திருந்தாய் என்பது உனக்கும் உன் மனசாட்சிக்கும் உள்ள விஷயம். களத்தில் இருப்பவனுக்கு அது எந்த வகையிலும் உதவாது.

இங்கேதான் எனக்கு அந்த அன்பான ஞாபகங்கள் இடறுகின்றன. வருடங்கள் போனபிறகு குட்ஸைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் நான் என்று தொடங்குகிறார்கள். நான் பார்த்தேன், நான் ரசித்தேன், எதிரணி ரசிகனாக இருந்தாலும் நான் அவர் ஆட்டத்துக்கு விசிறி. ஊளையைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அந்த நான் காணாமல்போய்விடும். கூட்டம் ஊளையிட்டது. மைதானம் ஊளையிட்டது. சூழ்நிலை அப்படி இருந்தது. அன்புக்குத் தன்மை ஒருமை, வெறுப்புக்குப் படர்க்கை. இலக்கணம் எவ்வளவு வசதியான பொருள் பாருங்கள்.

பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை, அதுதான் சிக்கல். பெரும்பாலானவர்கள் ஊளையிடாதவர்களாகவே இருக்கலாம். பக்கத்து நாற்காலிக்காரன் ஊளையிடும்போது கையில் பியரை வைத்துக்கொண்டு களத்தையே பார்த்திருப்பார்கள். நம்மில் யார் அந்த இடத்தில் உட்காராதவர்? பக்கத்தில் ஒருவன் யாரையோ கேவலமாகப் பேசும்போது, போகட்டும், நமக்கெதுக்கு என்று போனைத் தடவிய அனுபவம் எனக்கு உண்டு, உங்களுக்கும் இருக்கும். கேள்வி இவர்களைப் பற்றியது. சும்மா இருந்தவர்களுக்கு ஒருவரைப் பின்னாளில் அன்போடு நினைத்துக்கொள்ளும் உரிமை உண்டா?

உண்டு என்று சொல்ல ஒரு வலுவான காரணம் இருக்கிறது. ஞாபகம் யாரிடமும் அனுமதி கேட்டு வருவதில்லை. 2005 இறுதிப்போட்டியில் நான்கு புள்ளி வித்தியாசத்தில் ஸ்வான்ஸ் ஜெயித்தபோது அப்பாவின் தோளில் உட்கார்ந்து கத்திய குழந்தை ஒன்று இருந்தால், அந்தச் சந்தோஷத்தை யார் பறிக்கமுடியும்? அது குட்ஸுக்கே சொந்தமில்லை. பார்த்தவருடையது.

ஆனால் ஞாபகத்தைப் பரிசாக மாற்றி அவர் கையில் கொடுக்கப்போகும்போது விஷயம் மாறிவிடுகிறது. 2019 ஜூனில் அதுதான் நடந்தது. முழுக்கப் பழைய தொலைக்காட்சிக் காட்சிகளை மட்டும் வைத்து இயன் டார்லிங் எடுத்த தி ஃபைனல் குவார்ட்டர் ஆவணப்படம் வெளியானபோது ஏ.எஃப்.எல். அமைப்பும் 18 அணிகளும் சேர்ந்து மன்னிப்புக் கேட்டன. நாலு வருடம் கழித்து. ஓய்வுபெற்று ஐந்து வருடமானால் புகழ்மண்டபத்தில் சேர்க்கலாம். 2021இல் அதற்கு அழைத்தார்கள். குட்ஸ் வேண்டாம் என்றார்.

அவ்வளவு பேருக்கு அது வலித்தது. இன்னுமா கோபம், நாங்கதான் மன்னிப்புக் கேட்டாச்சே என்றார்கள். கொடுத்ததை வாங்கவில்லை என்பதற்காக ஒருவனுக்குக் கோபம் வந்தால், அவன் கொடுத்தது பரிசுதானா என்ற சந்தேகம் எனக்கு வரும். ரசீது வாங்கத்தான் வந்தானோ?

நாஜி முகாம்களிலிருந்து உயிர் தப்பிய ஜான் அமேரி 1960களில் வன்மத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். காலம் காயத்தை ஆற்றும் என்பது உடம்பின் விதி, அறத்தின் விதி அல்ல என்பது அவர் வாதம். நடந்ததை நடக்காமல் செய்யமுடியாது. ஆனால் அது நடந்திருக்கவே கூடாது என்று அதைச் செய்தவனும் விரும்புகிற வரைக்கும், பாதிக்கப்பட்டவன் காலத்தோடு ஒத்துப்போக மறுக்கலாம், மறுப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது என்றார். ஒரு மைதான ஊளையை நான் முகாம்களோடு ஒப்பிடவில்லை, அது அசிங்கமான ஒப்பீடு. குட்ஸிடம் வன்மம் இருக்கிறது என்றும் சொல்லவில்லை. மைக்கேல் ஓலாக்லினோடு 2009இல் தொடங்கிய கோ அறக்கட்டளை மூலம் பூர்வகுடிப் பிள்ளைகளின் படிப்புக்கு உதவும் வேலை அவருக்கு இருக்கிறது. அமேரியிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றைத்தான்: ஒருவர் ‘வேண்டாம்’ என்று சொல்லும்போது அதை நோயாகப் பார்க்காமல் பதிலாகப் பார்க்கலாம்.

நேசிக்கிறவனுக்கு அது கஷ்டம். அதற்காக நேசத்தை விட்டுவிடவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அந்த நொண்டிக் கோலை எடுத்துவைத்துக்கொண்டு சுபியாக்கோவை வெட்டி எறிந்த ஞாபகம், கல்யாண ஆல்பத்தில் சண்டை போட்ட மாமாவின் தலையை மட்டும் கத்தரித்த படம் மாதிரி. தோளில் போட்ட கை மிச்சமிருக்கும்.

அவர் ஒதுங்கியிருந்த அந்த வாரம் சிட்னியில் ஸ்வான்ஸுக்கும் அடிலெய்டுக்கும் ஆட்டம். மூன்றாம் கால்பகுதியின் ஏழாவது நிமிடத்தில் கேலரி முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. அவருடைய சட்டை எண் 37. அந்தக் காட்சியைப் பார்க்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது, மறைக்க விரும்பவில்லை. கூடவே, அவர் அங்கே இல்லை என்பதும் ஞாபகம் வருகிறது.

அதற்கு முந்தின வாரம் சுபியாக்கோவில், ஊளை நடந்துகொண்டிருந்த அதே ஆட்டத்தில், லூயிஸ் ஜெட்டா என்ற இன்னொரு பூர்வகுடி ஸ்வான்ஸ் வீரர் கோல் அடித்துவிட்டு கேலரியைப் பார்த்து அந்தப் போர் நடனத்தை ஆடினார். யாரும் சொல்லி ஆடவில்லை. அந்தப் பருவம் முடிந்ததும் ஜெட்டா அணி மாறிப் போனது பெர்த்தின் வெஸ்ட் கோஸ்ட் அணிக்குத்தான். 2018இல் அவர்கள் கோப்பை வென்றபோது அவரும் அதில் ஆடினார். பெர்த் ரசிகர்கள் அவரை நம்ம ஆளு என்று கொண்டாடினார்கள். அன்று அவர் யாரைப் பார்த்து ஆடினார் என்பதை எத்தனை பேர் அவரிடம் பேசியிருப்பார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.