சிலம்பை உடைத்துப் பார்

சிலப்பதிகாரத்தில், அரசியின் சிலம்பைத் திருடியவன் கோவலன் என்று மதுரையில் ஒரு பொற்கொல்லன் சொன்னதை விசாரிக்காமல் நம்பினான் பாண்டிய மன்னன்; கோவலன் உயிர் போனது. அரசியின் சிலம்பில் இருந்தது முத்து. கோவலனிடம் இருந்த சிலம்பை அவன் மனைவி கண்ணகி உடைத்தபோது தெறித்ததோ மாணிக்கம். உண்மை வெளிவந்தது, போன உயிர் திரும்பவில்லை.

இன்று தமிழக அரசுப் பள்ளிகளில் 6 முதல் 9-ஆம் வகுப்பு வரை ‘டிஎன் ஸ்பார்க்’ திட்டத்தில் செயற்கை நுண்ணறிவு கற்பிக்கிறார்கள். கருவியை இயக்கும் வித்தை பிள்ளைகளுக்குச் சீக்கிரம் பிடிபட்டுவிடும். ‘யார் சொன்னது? எதை வைத்து?’ என்று கேட்கும் பழக்கத்தைத்தான் பொறுமையாக வளர்க்க வேண்டும்.

செயலி தரும் தவறான பதிலும், வகுப்புத் தோழியைப் பற்றி வாட்ஸ்அப்பில் வரும் போலிப் படமும் அந்தப் பொற்கொல்லன் பேச்சைப் போலவே நம்பும்படி இருக்கும். பகிரும் விரலுக்கும் அரசனின் அதிகாரம் உண்டு. தீர்ப்புக்கு முன் சிலம்பை உடைத்துப் பாருங்கள், பிள்ளைகளே!