புல்வெளி யாருடையது?

மாணவர் சிலரைக் காலிமுகத் திடலுக்கு அழைத்துச் சென்றிருந்தேன். கொட்டாஞ்சேனை முடுக்கொன்றில், ஓரறை வீட்டில் அறுவருள் ஒருவனாக வாழும் சிறுவன் கேட்டான்: "சேர், இந்த இடம் யாருடையது?"

அங்குள்ள நினைவுக்கல்லைக் காட்டினேன். தேசாதிபதி ஹென்றி வார்ட் 1856 இல் தொடங்கி 1859 இல் நிறைவுசெய்த நடைபாதை அது. கொழும்பின் பெண்கள், குழந்தைகள் நலன் கருதி, பின்வரும் தேசாதிபதிகளிடம் அதை ஒப்படைக்கிறது அக்கல். நல்ல எண்ணமே. ஆயினும், ஆள்வோர் கொடுத்ததனால் மட்டும் ஒரு நிலம் மக்களுடையதாகிவிடுமா?

1956 ஜூன் 5 அன்று, தனிச்சிங்களச் சட்டமூலத்தை எதிர்த்து இத்திடலில் அமைதியாக அமர்ந்த தமிழ்ச் சத்தியாக்கிரகிகளைக் குண்டர்கள் தாக்கினர். பொலிஸார் பார்த்து நின்றனர். 2022 இல் இனபேதமின்றி இளைஞர் இங்கே கூடாரமிட்டனர்; ஜூலை 22 அதிகாலையில் படையினர் புகுந்து அவர்களைத் தாக்கினர்.

உலாவ வருவோரைத் தடுக்காத நிலம், உரிமை கேட்போரை விரட்டுகிறது. அப்படியாயின் நாம் அங்கே விருந்தினரேயன்றி உரியவர் அல்லர். ஓரறையில் வாழ்வோனுக்குப் புல்வெளி நகரின் அலங்காரமன்று. அவன் வீட்டின் மறுபாதி. தன் வீட்டில் வாய்திறக்க ஒருவன் யாரிடம் அனுமதி கேட்பது?

"உன்னுடையது" என்றேன் சிறுவனிடம். அந்த விடையை மெய்யாக்கும் கடமை, சொன்ன எனக்கும் உண்டு. படிக்கும் உங்களுக்கும் உண்டு.