ஒரே ஜன்னல், பதினான்கு ஆண்டுகள்

அழகை விரும்பாத மனிதர் இல்லை. ஆனால் அவ்விருப்பம் இரு வழிகளில் செல்லக்கூடும். கண்டதைத் தனதாக்கிக்கொள்ளத் துடிப்பது ஒன்று. கண்டதன்முன் மனம் அடங்கி நிற்பது மற்றொன்று. புகைப்படத்தைப் பற்றிப் பேசும்போது 'படம் எடுத்தான்', 'படம் பிடித்தான்' என்கிறோம். எடுப்பதும் பிடிப்பதும் ஆசையின் செயல்கள். அப்படியானால், அன்றாட வாழ்வின் அழகைப் படமாக்கும் வேட்கை ஒருவரைப் பற்றில் கட்டுமா, பற்றிலிருந்து விடுவிக்குமா?

செக் நாட்டுப் புகைப்படக் கலைஞர் யோசெப் சுடெக்கின் (1896–1976) வாழ்க்கை இங்கு நம் சிந்தனைக்குரியது. நூல்களுக்கு அட்டை கட்டும் தொழிலைக் கற்றவர் அவர். முதல் உலகப் போரில் இத்தாலியப் போர்முனையில் காயமுற்று வலக்கையை இழந்தார். கற்ற தொழில் கைவிட்டுப் போயிற்று. போருக்கு முன்பே பழகியிருந்த புகைப்படக் கலை அவரது வாழ்நாள் பணியாயிற்று. கனத்த கேமராவையும் முக்காலியையும் சுமந்துகொண்டு, ஒற்றைக் கையுடன் பிராக் நகரின் தெருக்களிலும் தோட்டங்களிலும் அவர் உழைத்தார்.

1939 மார்ச்சில் நாஜிப் படைகள் அந்நகரினுள் புகுந்தன. வெளியே படமெடுப்பது கடினமாயிற்று. 1940இல் சுடெக் தமது சிறிய பணிக்கூடத்தின் ஜன்னலை நோக்கித் திரும்பினார். கண்ணாடியில் படியும் ஆவி, வழியும் நீர்த்துளி, உறையும் பனி, அப்பால் தோட்டத்தில் வளைந்து நின்ற ஒரு மரம், ஒரு கண்ணாடித் தம்ளர், ஒரு முட்டை, ஒரு ரொட்டித் துண்டு — இவையே அவர் கண்ட உலகம். ஜன்னல் படங்களின் வரிசை 1954 வரை நீண்டது. அதே 1940இல், நெகடிவைப் பெரிதாக்கிப் பிரதியெடுக்கும் வழக்கத்தையும் அவர் விட்டார். நெகடிவ் எந்த அளவோ, படமும் அந்த அளவே.

ஊரே துன்புறும் வேளையில் தம்ளரின் அழகில் ஒருவர் ஈடுபடுவது முறையா? கேள்வி நியாயமானதே. ஒரு படம் பசித்தவருக்கு உணவாகாது, சிறைப்பட்டவரை மீட்காது. பிறர் துயரை மறைக்கும் திரையாக அழகு அமையுமானால், அது வெறும் மயக்கம். ஆயினும் அச்சமும் வெறுப்பும் நிறைந்த மனம் எதையும் உள்ளபடி காண்பதில்லை. தண்ணீரில் விழும் ஒளியைப் பொறுமையுடன் காணப் பழகிய கண், எதிரே நிற்பவரின் முகவாட்டத்தையும் காண வல்லது. அதை அப்பக்கம் திருப்புவது நம் கடமை. திருப்பாதவரை அப்பயிற்சி பாதியில் நின்றதே ஆகும்.

இனி, முதற்கேள்விக்கு வருவோம். ஆசை அவசரப்படும், அன்பு காத்திருக்கும். கேமராவைத் தூக்கலாம், முக்காலியை நிறுத்தலாம். பனியை வா என்று அழைக்கவோ ஒளியை நில் என்று நிறுத்தவோ எவராலும் இயலாது. தன் விருப்பத்திற்கு வளையாத ஒன்றின்முன் நாள்தோறும் நிற்பவரிடம் 'நான்' என்னும் முனைப்பு சிறிது சிறிதாகத் தேய்கிறது. உடைமையாக்க விரும்புபவர் பொருள் கைக்கு வந்ததும் அதை மறந்து வேறொன்றைத் தேடுவார். சுடெக்கோ படம் கிடைத்த பின்னும் அதே ஜன்னலுக்குத் திரும்பினார். படம் எடுத்தபின் நம் கண் அப்பொருளை விட்டு விலகுகிறதா, மீண்டும் அதனிடமே செல்கிறதா? பற்றையும் அன்பையும் பிரித்தறிய இதுவே உரைகல்.

இன்று கைபேசியிலேயே கேமரா இருக்கிறது. படங்கள் குவிகின்றன, பார்ப்பது குறைகிறது. நாளைக் காலை சமையலறை ஜன்னல் வழியே வெயில் பாத்திரங்களின்மேல் விழும்போது, கைபேசியை எடுக்குமுன் சற்றே நின்று பார்ப்போம். பிறகு அதே கண்களால், அங்கே நின்று நமக்காக உழைப்பவரையும் பார்ப்போம்.